சாலையில் பிறக்கும் நோய்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நீர் ஓடிச் செல்லும் வழியையும் அது குறிக்கும். மக்கள் நடந்து செல்லும் வழியையும் அது குறிக்கும். பரிசில் பெற்ற புலவர் ஒருவர் மற்றொருவருக்கு வழிகாட்டும் நூலை ‘ஆற்றுப்படை’ என நம் முன்னோர் வழங்கியது இப்பொருள் பற்றியேயாம். நீர் வற்றாத ஆறு ஓடும் நாட்டில் மக்களின் வாழ்வு அவ்வாற்றைச் சார்ந்து நிற்கும். அத்தகைய ஆறு இல்லாத நாட்டில் மக்களின் வாழ்வு எதனைச் சார்ந்து நிற்கும்? வழியாகிய ஆற்றையே சார்ந்து நிற்கும். கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் நாடு இதற்கு நல்ல சான்றாகும்.

கரிசல் நாடு வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி உழவர் விதைப்பர். மழை பெய்தால் நிலம் காலை விடாது பற்றும் களியாகும்; கோடை வந்தால் அதே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் இங்கு விளைவன. விளைந்த பொருள் சந்தைக்குச் சென்றாக வேண்டும். வயலில் வேலையற்ற காலத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் நூற்பாலைக்கும் கடலைமிட்டாய் செய்யும் கூடங்களுக்கும் ஆடவரும் பெண்டிரும் செல்கின்றனர். சிற்றூர்ப் பிள்ளைகள் மேல்வகுப்புப் படிக்க நகரத்துக்கு வருகின்றனர். நோயுற்றோர் மருத்துவமனையை நாடி வருகின்றனர். இவையனைத்தும் சாலை வழியே நடைபெறுகின்றன. ஆதலின் சாலை பழுதுபட்டால் கரிசல் மக்களின் வாழ்வே பழுதுபடும்.

வழியமைத்தலைப் பேரறமாகக் கருதியது இந்நாடு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரை நாட்டை ஆட்சி புரிந்த இராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்தும், நிழல் மரங்கள் வளர்த்தும், சத்திரங்கள் எடுத்தும் வழிநடைப்பயணிகளைப் பேணினார் என்பதைத் தென்னாட்டு மக்கள் இன்றும் நன்றியுடன் நினைவுகூர்கின்றனர். அவர் பெயரால் வழங்கும் சாலைகள் இன்றும் உள்ளன. அக்காலத்தில் வழிநடை என்பது கால்நடையும் மாட்டுவண்டியுமே. பருத்திப் பொதி ஏற்றிய வண்டிகள் கழுத்துமணி ஒலிக்க இரவு முழுதும் வரிசையாகச் செல்லும். வண்டிக்காரர் வைக்கோல்மேல் கண்ணயர்ந்தாலும், பழகிய மாடுகள் வழி தவறாமல் ஊர் கொண்டு சேர்க்கும். மாட்டுவண்டி மணிக்கு நான்கு அல்லது ஐந்து கிலோமீட்டர் தொலைவே செல்லும். எதிரே குழந்தை வந்தாலும் ஆட்டுமந்தை வந்தாலும் மாடு தானே நிற்கும்.

இன்று நிலைமை முற்றும் மாறிவிட்டது. காசுமீரத்திலுள்ள சிறீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு ஆகிய ஊர்களின் வழியே கரிசல் நாட்டை ஊடறுத்துச் செல்கிறது. அதற்குக் கிழக்கே, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் ஆகிய ஊர்களின் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் செல்லும் 38ஆம் எண் நெடுஞ்சாலை உள்ளது. மணிக்கு எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் பேருந்துகளும் லாரிகளும் மகிழுந்துகளும் இரவும் பகலும் ஓடுகின்றன. பழைய நாளில் ஒரு பகல் நடக்க வேண்டிய தொலைவை இன்று அரைமணி நேரத்தில் கடந்துவிடலாம். இது நாகரிகம் தந்த பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், இப்பேற்றுடன் ஒரு பெருந்தீங்கும் இணைந்தே வந்துள்ளது. அதுவே சாலை விபத்து.

இத்தீங்கின் அளவை எண்கள் உணர்த்தும். நடுவண் அரசின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் உயிர் நீத்தோர் 1,68,491 பேர். காயமுற்றோர் 4,43,366 பேர். அஃதாவது, நாள்தோறும் நானூற்று அறுபதுக்கு மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவ்வாண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நிகழ்ந்தன. எண்ணிக்கையில் மாநிலங்கள் எல்லாவற்றினும் இதுவே மிகுதி. அவற்றில் 17,884 பேர் உயிரிழந்தனர். உலகெங்கும் 2021ஆம் ஆண்டில் சாலையில் இறந்தோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஐந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரை உள்ளோரின் இறப்புக்குரிய காரணங்களுள் முதன்மையானது சாலை விபத்தே என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. படிக்கும் பருவத்தையும் உழைக்கும் பருவத்தையும் குறிவைத்துத் தாக்கும் நோய் இதுபோல் வேறில்லை.

எண்களுக்குப் பின்னே குடும்பங்கள் நிற்கின்றன. கரிசற் சிற்றூர் ஒன்றில் வாழும் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குச் சென்று வருபவர். தாய் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டுபவர். மகள் ஒன்பதாம் வகுப்பில் படிப்பவள். ஒரு நாள் மாலை தந்தை சாலையில் அடிபட்டுத் தொடையெலும்பு முறிகிறார். உயிருக்கு இடரில்லை. ஆயினும், ஆறு திங்கள் அவரால் எழுந்து நடக்க இயலாது. கூலி நின்றுவிடும். மருத்துவத்துக்கும் உணவுக்குமாக வீட்டிலிருந்த சிறு நகை அடகுக் கடைக்குச் செல்லும். பிறகு கடன் வளரும். நோயாளிக்குத் துணையிருக்கத் தாய் வேலையை விடுவாள். தாய்க்குத் துணையிருக்க மகள் பள்ளியை விடுவாள். முறிந்த எலும்பு ஓராண்டில் கூடிவிடலாம்; முறிந்த கல்வி மீண்டும் கூடுதல் அரிது. காயமுற்றோர் பட்டியலில் ஓர் எண்ணாகத் தோன்றும் ஒருவருக்குப் பின்னே இத்துணைத் துன்பங்கள் மறைந்துள்ளன.

இத்தகைய துன்பம் நேரும்போது மக்கள் என்ன கூறுகின்றனர்? ‘தலைவிதி’ என்கின்றனர், ‘போதாத காலம்’ என்கின்றனர். அல்லது, ‘ஓட்டியவன் மேல் தவறு’, ‘குறுக்கே வந்தவன் மேல் தவறு’ என்று ஒருவரைப் பழித்துவிட்டு அமைதியடைகின்றனர். விதியின்மேல் சுமத்தினாலும் ஒருவன்மேல் சுமத்தினாலும் காரணத்தைத் தேடும் முயற்சி அத்துடன் நின்றுவிடுகிறது. அடுத்த திங்களில் அதே வளைவில் அதே போன்றதொரு விபத்து மீண்டும் நிகழ்கிறது.

ஒரு காலத்தில் வாந்திபேதி என்னும் காலரா நோயைப் பற்றியும் மக்கள் இவ்வாறே எண்ணினர். அது தெய்வக் குற்றத்தால் வருவது என்றனர் சிலர். தீய காற்றால் வருவது என்றனர் சிலர். 1854ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் அந்நோய் பரவியபோது, சான் சுனோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகள் எங்கெங்கே உள்ளன என ஆராய்ந்தார்; பின்னர் அவற்றை ஒரு வரைபடத்திலும் குறித்தார். அவ்வீடுகள் பெரும்பாலும் ஒரு நீர்க்குழாயைச் சூழ்ந்தே இருந்தன. அப்பகுதி ஆட்சியாளரிடம் எடுத்துக் கூறி, அக்குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பின்னர் 1884ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கல்கத்தா நகரில் ஆராய்ந்த இராபர்ட் கோக் என்னும் செருமானிய அறிஞர், அந்நோய்க்குரிய கிருமியை உறுதிப்படுத்தினார். நீர் குடித்தவர்களை ஒருவரும் குற்றவாளிகள் எனப் பழிக்கவில்லை. நீரைத் தூய்மை செய்தனர். நோய் தணிந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக மக்களைக் கொன்ற பெரியம்மையும் இவ்வாறே காரணம் அறிந்து தடுக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டில் இந்தியா பெரியம்மை நீங்கிய நாடென அறிவிக்கப்பெற்றது.

சாலை விபத்தும் இவ்வாறு ஆராயத்தக்க நோயே என்பது இக்கால அறிஞர் துணிபு. 1974ஆம் ஆண்டிலேயே உலக நாடுகளின் சுகாதாரப் பேரவை, சாலை விபத்துகளைப் பொதுச் சுகாதாரச் சிக்கலாக ஏற்று முடிவு செய்தது. நோயெனின் அதற்குக் கிருமி எது? அறிஞர் கூறும் விடை வியப்பூட்டுவது. கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்றன்று. ஓடும் பொருளில் அடங்கியுள்ள ஆற்றலே அக்கிருமி. ஓடும் வண்டி திடீரென நிற்கும்போது, அதில் அடங்கிய ஆற்றல் எங்கேனும் சென்றாக வேண்டும். அது மனித உடலினுள் பாயுமாயின் எலும்பு முறியும், குருதிக்குழாய் கிழியும், மண்டையோட்டினுள் மூளை மோதிச் சிதையும்.

இவ்வாற்றலின் தன்மையைப் பள்ளிக் கணக்கினாலேயே அறிந்துகொள்ளலாம். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் நொடிக்கு 10 மீட்டர் செல்கிறான். அவ்வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்திலிருந்து, அஃதாவது ஒரு மாடி வீட்டின் மேற்றளத்திலிருந்து, தரையில் விழுவதற்கு ஒப்பாகும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதோ, 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். அது நெடிய பனைமரத்தின் உயரம். கரிசற்காட்டில் பனை ஏறுவோர் எத்துணை விழிப்புடன் ஏறுகின்றனர் என்பதை யாவரும் அறிவர். காலில் தளைநார் பூட்டி, மரத்தை மார்போடு அணைத்து, ஒவ்வோர் அடியையும் எண்ணி ஏறுவர். மோட்டார் சைக்கிளில் விரைந்து செல்பவனும் பனையின் உச்சியிலேதான் இருக்கிறான். ஆனால் தரை அருகில் தெரிவதால் அவன் அதனை உணர்வதில்லை.

நிறுத்தும் தொலைவும் அவ்வாறே வளர்கிறது. இடையூறு ஒன்றைக் கண்டு, கை தடையை அழுத்துவதற்கு ஒரு நொடி கழிகிறது எனக் கொள்வோம். 36 கிலோமீட்டர் வேகத்தில் அந்நொடியிலேயே வண்டி 10 மீட்டர் சென்றுவிடும். தடை பற்றிய பின் மேலும் 10 மீட்டர் சென்று நிற்கும். ஆக 20 மீட்டர். 72 கிலோமீட்டர் வேகத்தில் முதல் நொடியில் 20 மீட்டரும், தடை பற்றிய பின் 40 மீட்டரும் செல்லும். ஆக 60 மீட்டர். வேகம் இரட்டித்தது, நிறுத்தும் தொலைவு மும்மடங்காயிற்று. இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் சாலையைக் கடக்கும் குழந்தை முதல் வண்டிக்குத் தப்பும். இரண்டாம் வண்டிக்குத் தப்பாது. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலையில் இறந்தோருள் நூற்றுக்கு எழுபத்தொருவர் மிகுவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தனர் என அரசின் கணக்கு கூறுவதற்குக் காரணம் இதுவே.

கிருமி இன்னதென அறிந்தபின் அதனைத் தடுக்கும் வழியை ஆராய வேண்டும். 1966ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு சாலைப் பாதுகாப்புக்கெனத் தனித்துறை அமைத்தபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் வில்லியம் ஏடன் என்னும் மருத்துவர். அவர் விபத்தை மூன்று காலமாகப் பகுத்தார்: மோதுவதற்கு முன், மோதும் வேளை, மோதிய பின். ஒவ்வொரு காலத்திலும் மனிதன், வண்டி, சாலை என்னும் மூன்றையும் ஆராய வேண்டும் என்றார். இவ்வாறு பார்த்தால், ‘தவறு யாருடையது?’ என்னும் ஒரே வினா மறைந்து, ‘எங்கெங்கே தடுக்கலாம்?’ என்னும் பல வினாக்கள் தோன்றும்.

முதலாவதாக, மோதுவதற்கு முன் உள்ள காலத்தை நோக்குவோம். கரிசல் நாட்டில் சாலை அமைத்தலே அரியதொரு கலை. கரிசல் மண் மழையில் பொருமும், வெயிலில் சுருங்கும். அதன்மேல் இட்ட சாலை அலைபோல் நெளியும்; ஓரங்கள் இறங்கும்; குழிகள் விழும். ஆதலால், மேலுள்ள களிமண்ணை அகற்றிச் சரளை பரப்பியும், சுண்ணாம்பு கலந்து மண்ணை உறுதிப்படுத்தியும், நீர் தேங்காமல் வடிகால் வகுத்தும் பொறியாளர் சாலை அமைக்கின்றனர். ஓரம் இறங்கிய சாலையை உரிய காலத்தில் செப்பனிடுவது, கிணற்றுநீரில் மருந்து தெளிப்பதைப் போன்ற சுகாதாரப் பணியேயாகும்.

கரிசற் சாலைகளில் மற்றொரு காட்சியையும் காணலாம். அறுவடைக் காலத்தில் உழவர் உளுந்தையும் கம்பையும் மக்காச்சோளத்தையும் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைப்பர். வண்டிகள் ஏறிச் செல்வதால் கதிரும் உதிரும். தவசத்தைக் காக்கச் சுற்றிலும் கற்களை வரிசையாக வைப்பர். பகலில் அக்கற்கள் தெரியும், இரவில் தெரியா. விரைந்து வரும் இருசக்கர வண்டி கல்லில் இடறும். அல்லது தவச மணிகளின்மேல் சறுக்கும். இதற்காக உழவரைக் கடிந்துகொள்வதால் பயன் என்ன? களிமண் நிலத்தில் காயவைத்தால் தவசம் மண்ணோடு கலந்து விலை குன்றும் என்பதை அவர் அறிவார். அவருக்குக் களம் இல்லை; ஆதலின் சாலையைக் களமாக்கினார். ஊர்தோறும் சிமெண்டு உலர்களம் ஒன்று அமைத்துக் கொடுத்தால் தவசமும் தூயதாகும், சாலையும் தூயதாகும். இலண்டன் மருத்துவர் குழாயின் கைப்பிடியைக் கழற்றியதற்கும், கரிசல் நாட்டார் ஓர் உலர்களம் கட்டுவதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிளக்குமிடங்களிலும் இவ்வாறே சிந்திக்க வேண்டும். வீடு ஒரு பக்கம், வயலும் பள்ளியும் மறுபக்கம் என அமைந்தால், மக்கள் நாள்தோறும் சாலையைக் கடந்தே தீர வேண்டும். கடக்கும் வழி நெடுந்தொலைவில் இருந்தால் சிலர் நடுத்திட்டைத் தாண்டுவர்; சிலர் வண்டியை எதிர்த்திசையில் ஓட்டி வருவர். ‘எதிர்த்திசையில் வராதே’ என எழுதிவைப்பது வேண்டுவதே; சுரங்கப்பாதையும் விளக்கும் உரிய இடத்தில் அமைப்பது அதனினும் வேண்டுவது. தைப்பூசக் காலத்தில் திருச்செந்தூருக்கும், ஆடித் திங்களில் இருக்கன்குடிக்கும் மக்கள் சாரிசாரியாக இரவில் நடந்து செல்வர். அவர்களின் முதுகிலும் பையிலும் ஒளியை எதிரொளிக்கும் பட்டை ஒன்றை ஒட்டினால், ஓட்டுநர் நெடுந்தொலைவிலேயே அவர்களைக் காண்பார். டிராக்டர் வண்டியின் பின்புறத்துக்கும் அத்தகைய பட்டை இன்றியமையாதது.

மனிதன்பால் அமைந்த காரணங்களும் உள. மது அருந்தியவன் கண் ஒன்றைக் காண, கை வேறொன்றைச் செய்யும். கைப்பேசியில் பேசுபவனின் கண் சாலையில் இருந்தாலும் கருத்து அங்கிராது. பின்னிரவில் ஓட்டுபவனைத் தூக்கம் அவன் அறியாமலே வெல்லும். பழைய மாட்டுவண்டிக்காரன் துயின்றால் மாடு விழித்திருக்கும். லாரி ஓட்டுநர் துயின்றால் விழித்திருப்பார் எவருமிலர். பதினெட்டு வயது நிரம்பாத சிறுவரிடம் பெற்றோர் அன்பு மிகுதியால் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிடுகின்றனர். 2019ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், இத்தகைய குற்றத்துக்குப் பெற்றோரையும் வண்டியின் உரிமையாளரையும் பொறுப்பாக்கி, மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய்த் தண்டமும் விதிக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி அன்று, மகனின் உயிருக்கு அஞ்சியே பெற்றோர் இதனை மறுத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, மோதும் வேளையை நோக்குவோம். எவ்வளவு விழிப்பாக இருப்பினும் சில வேளைகளில் மோதல் நேர்ந்துவிடும். அப்போது ஆற்றல் உடலினுள் பாயாமல் தடுப்பது கவசத்தின் பணி. 1935ஆம் ஆண்டில், அரேபியப் போரில் புகழ்பெற்ற இலாரன்சு என்னும் ஆங்கிலேயர் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து தலையில் காயமுற்று மாண்டார். அவருக்கு மருத்துவம் செய்தோருள் ஒருவரான கியூ கேயன்சு, அந்நிகழ்ச்சியால் உள்ளம் தூண்டப்பெற்றுத் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கினார். தலைக்கவசம் உயிர் காக்கும் என 1941இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, பிரித்தானியப் படையின் மோட்டார் சைக்கிள் வீரர் அனைவரும் தலைக்கவசம் அணியும் நிலையை உண்டாக்கிற்று. தலைக்கவசத்தின் உட்புறத்திலுள்ள மெத்தை, மோதும்போது தான் நசுங்கி, மூளைக்குச் செல்லும் ஆற்றலைத் தான் ஏற்கிறது. அது இறப்பை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயத்தை 69 பங்கும் குறைக்கும் என்பது பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. ஆயினும், 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் தலைக்கவசம் அணியாமல் சென்று விபத்தில் இறந்தோர் 50,029 பேர். வண்டியின் கைப்பிடியில் தொங்கும் கவசமும், வாரைப் பூட்டாமல் தலையில் வைத்த கவசமும் உயிர் காவா.

மகிழுந்தில் செல்வோருக்கு இருக்கை வார் கவசமாகும். இடுப்பையும் மார்பையும் ஒருங்கே பிணிக்கும் இவ்வாரை 1959ஆம் ஆண்டில் வடிவமைத்தவர் நீல்சு பொலின் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியாளர். அவர் பணிபுரிந்த நிறுவனம் அதன் பயனைத் தனக்கே வைத்துக்கொள்ளாமல், மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த இசைந்தது. அறிவை உலகுக்குப் பொதுவாக்கிய செயல்களுள் இதுவும் ஒன்றாகும்.

மூன்றாவதாக, மோதிய பின் உள்ள காலத்தை நோக்குவோம். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுத்துள்ளார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிலிருந்து உதவுபவன் என்பன அவை. நான்காம் உறுப்பை அவர் ஏனைய மூன்றுக்கும் ஒப்ப வைத்தது கருதத்தக்கது. சாலையில் அடிபட்டு வீழ்ந்தவனுக்கு மருத்துவர் பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். மருந்தும் அங்கேயே இருக்கிறது. அவனுக்கு அருகில் இருப்பவர் யார்? வழிப்போக்கரே. குருதி மிகுதியாக ஒழுகுபவனுக்கு அடுத்த சில நிமிடங்களே உயிரை முடிவு செய்வன. கரிசற் சிற்றூர்ப் பாதையிலிருந்து கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குச் செல்லவே நேரமாகும்; அங்கிருந்து பாளையங்கோட்டைக்கோ தூத்துக்குடிக்கோ கொண்டு செல்ல வேண்டுமாயின் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். ஆதலின் இங்கு வழிப்போக்கரே முதல் மருத்துவர்.

முன்னாளில் மக்கள் உதவ அஞ்சினர். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டுமே எனக் கருதி விலகிச் சென்றனர். அவ்வச்சத்துக்கு இன்று இடமில்லை. 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், உதவி செய்வோரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அதனை மேலும் உறுதிப்படுத்தியது. உதவியவர் தம் பெயரைக் கூறவும் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணில் அழைத்தால் கட்டணமின்றி ஆம்புலன்சு வண்டி வரும். 2021ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலையில் அடிபட்டவர் எம்மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேர மருத்துவச் செலவை வரையறுத்த அளவுக்குள் அரசே ஏற்கிறது.

உதவுவோர் அறிய வேண்டுவன சிலவே. முதலில் பின்வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கை காட்டுதல் வேண்டும். இன்றேல் உதவ வந்தவரும் அடிபடுவர். குருதி ஒழுகுமிடத்தில் தூய துணியை வைத்து இறுக அழுத்துதல் வேண்டும். நினைவிழந்தவன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கி உயிரைப் போக்கும். கழுத்தும் முதுகும் வளையுமாறு தூக்கலாகாது. சுற்றி நெருங்கி நின்று காற்றைத் தடுத்தலும், கைப்பேசியில் படம் எடுத்தலும் உதவியாகா.

முறையாக முயன்றால் இந்நோய் தணியும் என்பதற்குச் சுவீடன் நாடு சான்றாகும். 1970ஐ ஒட்டிய காலத்தில் அச்சிறுநாட்டின் சாலைகளில் ஆண்டுதோறும் ஆயிரத்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்டார் வேகத்தை வரையறுத்தனர், வாரைக் கட்டாயமாக்கினர், சாலைகளைத் திருத்தினர். சாலையில் ஓர் உயிரும் போகலாகாது என்பதனை 1997ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பேரவை குறிக்கோளாக ஏற்றது. மனிதன் தவறு செய்யும் இயல்பினன். ஆயினும் ஒரு சிறு தவறுக்கு உயிர் விலையாகாதவாறு சாலையை அமைத்தல் வேண்டும் என்பதே அவர்கள் கொள்கை. வண்டிகள் பன்மடங்கு பெருகிய பின்னும், அண்மை ஆண்டுகளில் அங்கு இறப்போர் இருநூறு பேரை ஒட்டியே உள்ளனர். விதி நாட்டுக்கு நாடு வேறுபடுமோ? வேறுபடுவது முயற்சியே.

இம்முயற்சியில் மாணவர்க்கும் பங்குண்டு. தம் ஊர்ச் சாலையில் எவ்விடத்தில் அடிக்கடி விபத்து நிகழ்கிறது என்பதை ஊர்ப் பிள்ளைகள் நன்கறிவர். இலண்டன் மருத்துவர் வரைந்தது போன்றதொரு படத்தை வகுப்பறையிலேயே வரையலாம். எந்த வளைவில் முள்மரம் பார்வையை மறைக்கிறது, எந்த நிறுத்தத்தில் விளக்கில்லை, எவ்வூரில் உலர்களம் இல்லை என்பனவற்றை அதில் குறிக்கலாம். அதனை ஆசிரியர் வாயிலாகக் கிராம சபையில் வைத்தால், பழிச்சொல் கேட்டுப் பழகிய சபை முதன்முறையாகக் காரணத்தைக் காணும். தந்தை வண்டியை எடுக்கும்போது தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கும் மகளின் சொல்லைத் தட்டும் தந்தை அரியர்.

கரிசல் நாட்டுக்கு நீராறு வாய்க்கவில்லை; வழியாறு வாய்த்துள்ளது. நீராற்றில் வெள்ளம் வந்தால் கரை கட்டுவது அறிவுடையோர் செயல். வழியாற்றில் ஓடும் வேகம் என்னும் வெள்ளத்துக்கும் கரை கட்டுதல் வேண்டும். மங்கம்மாள் சத்திரமும் நிழல் மரமும் அமைத்து அக்காலத்து வழிநடைத் துன்பத்தைப் போக்கினார். இக்காலத்து வழிநடைத் துன்பத்தைப் போக்கும் பொறுப்பு, சாலை அமைப்போர், வண்டி ஓட்டுவோர், வழிநடப்போர் ஆகிய அனைவரையும் சார்ந்தது. காலையில் வீட்டை விட்டுச் சென்றவர் மாலையில் வீடு திரும்புதல் வேண்டும். அவ்வளவே ஒரு சாலையிடம் மக்கள் எதிர்பார்ப்பது.